பதினோராவது ஸ்க்ரூ

கார் கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்க மங்கிக்கொண்டே வந்ததுதான் அவளை முதலில் உறுத்தியது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். மங்கிய கண்ணாடியைக் கண்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. விரலால் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுத்தது. முகர்ந்தாள். பாகு காய்ச்சியதுபோல ஓர் இனிப்பு வாசனை. பக்கத்து இருக்கையின் கால்மிதியும் ஈரமாக இருந்தது.

மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஹீட்டர் கோர் ஒழுகுதும்மா. புத்தக அளவுக்கு ஒரு குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். என்ஜின்ல சூடான தண்ணி அதுக்குள்ள ஓடும். ஃபேன் காத்து அது மேல பட்டு உங்களுக்குச் சூடா வரும். ஆனா அதை எடுக்கணும்னா டேஷ்போர்டு மொத்தத்தையும் கழட்டணும். இருபத்தேழு வருஷ வண்டி வேற. அடுத்த மாசம் பாப்போம்."

"கழட்டினா உள்ள என்ன இருக்கும்?"

"என்னம்மா இருக்கும்? ஒயரும் தூசியும்."

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. அன்றே புது ஹீட்டர் கோர் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கணவர் கணக்கு வாத்தியார். பொட்டலத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "நீ கழட்டிடுவ. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. திங்கட்கிழமை இந்த மலைக் குளிருல நான் எதுல வேலைக்குப் போறது?"

"உங்க தங்கச்சி வரா. ரெண்டு நாள்ல முடிச்சிடுவோம்."

"அவ வேறயா!" என்று விடைத்தாள் கட்டோடு மாடிக்குப் போய்விட்டார்.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை அறை நர்ஸ். சனிக்கிழமை காலை கையுறைகளும் நான்கு காலி முட்டை அட்டைகளுமாக வந்து இறங்கினாள். "அண்ணி, கழட்டுற ஒவ்வொண்ணும் ஒரு குழியில போகணும். எங்க டாக்டரையே எண்ணிக்கை சரியா வராம தைக்க விட மாட்டேன். உங்களை விடுவேனா?"

பேட்டரி இணைப்பைப் பிரித்தார்கள். ஆறிய என்ஜினிலிருந்து, அதைக் குளிர்விக்கும் பச்சை நிறக் கூலன்ட் தண்ணீரைப் பேசினில் வடித்தார்கள். எதிர்வீட்டுப் பூனை எட்டிப் பார்த்ததும் நாத்தனார் சட்டென்று பேசினைப் பலகையால் மூடினாள். "இனிப்பா இருக்கும், நக்கிடும். விஷம்." பிறகு என்ஜின் பக்கமிருந்து கோருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் கழற்றினார்கள். மதியத்துக்குள் டேஷ்போர்டு முனகிக்கொண்டே கழன்று இவர்கள் மடியில் வந்து உட்கார்ந்தது.

உள்ளே ஒயரும் தூசியும்தான் இருந்தன. ஆனால் அவள் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். ஹீட்டர் பெட்டியின் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பக்கத்தில் சிவப்பாக ஏதோ.

"ரத்தமா?" என்றாள்.

நாத்தனார் நகத்தால் சுரண்டினாள். "நகப்பூச்சு, அண்ணி. பாருங்க, நம்பர் போட்டிருக்கு!"

ஒன்று, இரண்டு, மூன்று என்று பொடி எழுத்தில், பதினாலு வரை. யாரோ இதே இடத்தில் இதேபோல் மடங்கி உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்! அவள் அந்த எண்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நிச்சயமா ஒரு பொம்பளைதான்," என்றாள் நாத்தனார். "எவ்வளவு அடக்கமா எழுதியிருக்கா பாருங்க."

கைக்கு எட்டிய வரிசையில் கழற்றி, எண்படி முட்டை அட்டைக் குழிகளில் போட்டார்கள். பழைய கோர் வெளியே வந்தது. ஒரு மூலையில் பச்சையாகப் பூத்திருந்தது. புதியதை வைத்து, சுற்றிலும் பஞ்சுப்பட்டை ஒட்டியாயிற்று. மூடப் போகும்போது, குழிகளை எண்ணிய நாத்தனார் கையை நீட்டித் தடுத்தாள்.

"பதினொண்ணு எங்க?"

பத்துக்கு அடுத்த ஸ்க்ரூவுக்குப் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. பதினோராவது ஸ்க்ரூவும் இல்லை, அதற்கான ஓட்டையும் இல்லை. இருக்கைக்கு அடியிலும் கால்மிதிக்கு அடியிலும் ஒரு மணி நேரம் துழாவினார்கள். "எண்ணிக்கை தெரியாம மூட மாட்டேன்," என்று நாத்தனார் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கும் மனசு ஆறவில்லை. வண்டியை விற்ற டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் போன் செய்தாள். அவர், தனக்கு முன்னால் ஒரு சலூன்காரர் வைத்திருந்தார் என்று எண்ணைத் தேடிக் கொடுத்தார். சலூன்காரருக்குப் போட்டால், கட்டைக் குரல் ஒன்று ஸ்பீக்கரில் கேட்டது.

"நகப்பூச்சா? நான்தாம்மா எழுதினேன். சம்சாரத்தோட பாட்டில். இன்னும் சொல்லிக் காட்டுறா."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயா, பதினொண்ணைக் காணோம். எங்க போச்சு?"

கத்தரிக்கோல் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு. "பத்து எழுதி முடிச்சேன், பால்காரர் மணி அடிச்சார். போய்ப் பால் வாங்கி வெச்சிட்டு வந்து பன்னெண்டுன்னு போட்டுட்டேன். மாட்டும்போது நானே அரை நாள் தேடினேம்மா! மொத்தம் பதிமூணுதான். ஆமா, நான் போட்ட கோர் இவ்வளவு நாளா தாங்குச்சு?"

"இப்பதான் போச்சு."

"பதினாறு வருஷம்!" என்றார் அவர், முடிவெட்டிக்கொண்டிருந்தவரிடம் சொல்வதுபோல. "கடைசி ஸ்க்ரூவை ரொம்ப முறுக்காதீங்க. பிளாஸ்டிக் விரிஞ்சிடும்."

ஞாயிறு மதியம் எல்லாவற்றையும் பூட்டி, புதுக் கூலன்ட் தண்ணீர் ஊற்றி, என்ஜினைக் கிளப்பினார்கள். சிலீரென்று குளிர்காற்று அடித்தது. கால் மணி நேரம் ஆயிற்று. அப்போதும் குளிர்காற்றுதான். அவள் முகம் விழுந்துவிட்டது. இரண்டு நாள் உழைப்பு!

நாத்தனார் ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் குழாய்களை மட்டும் தொட்டுப் பார்த்தாள். "ஒண்ணு சுடுது, ஒண்ணு ஜில்லுனு இருக்கு. உள்ள காத்து நிக்குது அண்ணி. ட்ரிப் குழாயில நிக்குமே, அது மாதிரி. வண்டி மூக்கைத் தூக்கி நிறுத்தினா காத்து மேல ஏறி வெளிய போயிடும்."

என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, வாசல் சரிவில் வண்டியை மூக்கு மேலாக ஏற்றி நிறுத்தினார்கள். மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி கிளப்பினார்கள். பொளக், பொளக் என்று குமிழிகள் வந்தன. தண்ணீர் மட்டம் மளமளவென்று இறங்கியது, ஊற்றினாள். குமிழிகள் நின்றதும் மூடியைப் பூட்டினாள்.

கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். காற்றுத் துவாரத்துக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினார். புறங்கையையும் திருப்பிக் காட்டினார். பிறகு கழுத்தில் சுற்றியிருந்த மப்ளரை அவிழ்த்தார்.

"சுடுதே!" என்றார். "உள்ள என்னதான் இருந்துச்சு?"

"ஒரு சுத்து போய்ட்டே சொல்றேன்," என்று அவள் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். நாத்தனார் அதற்குள் பின் இருக்கையில் ஏறிவிட்டாள்.