மூன்றாவது பெயர்

...இல்லை, தலை நேராகத்தான் இருக்கிறது, மூக்கு விரலில் படுகிறது, நாக்குகூட அசைகிறது, உயிரோடுதான் இருக்கிறது கன்று, வலது முன்னங்கால் மட்டும் மடங்கிப் பின்னால் போய்விட்டது, அதை எட்டிப் பிடிக்கத்தான் இவ்வளவு பாடு, பசு முக்கும்போதெல்லாம் தோள்வரை உள்ளே போன கையை இடுப்பெலும்பு நெரிக்கிறது, ஐம்பத்தாறு வயதில் எனக்கு இது தேவையா என்று ஆர்டிஸ் நினைத்தாள், கவர்னர் தேர்தலுக்கு ஒரு வாரம்கூட முழுதாக இல்லை, ரோலண்ட் ஸ்டாங்லண்ட் இந்நேரம் கவர்னர் மாளிகையில் சாவகாசமாக முட்டை தின்றுகொண்டிருப்பார், கோரா ப்ளைத் ஏதாவது தொலைக்காட்சி நிலையத்தில் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருப்பாள், மூன்றாவது வேட்பாளர் மட்டும் சாணித் தரையில் மண்டியிட்டுக் கன்னத்தைப் பசுவின் தொடையில் அழுத்திக்கொண்டு... ஆனால் மெர்ல் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா? மற்றவர்களுக்கு வேறு மாட்டு டாக்டரை அனுப்பலாம், மெர்லுக்கு முடியாது, பள்ளிக்கூட பஸ்ஸில் பக்கத்து இருக்கை, கணவன் கார்ல் இறந்தபோது சவப்பெட்டியின் முன்பக்கம் பிடித்தவன், எல்லாவற்றுக்கும் மேலே, அவள் இந்தத் தேர்தலில் நிற்பதற்கே அவன்தான் காரணம்.

“எப்டி இருக்கு டாக்டரம்மா?” என்றான் மெர்ல், பசுவின் வாலை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தபடி. இருக்கு, வாய மூடு, என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கும். மார்ச் மாதம் இதே பண்ணை வீட்டுச் சமையலறையில், அவன் மனைவி பெர்னிஸ் சூடான ஆப்பிள் பலகாரத்தை வெட்டி வைத்துக்கொண்டிருக்க, இதே சிரிப்போடுதான் ஆரம்பித்தான். அந்த ரெண்டு பேருக்கும் பசுவுக்கு எத்தன காம்புன்னு கேட்டாத் தெரியாது ஆர்டிஸ், நீ நில்லு, எந்தக் கட்சியும் வேணாம், சுயேச்சையா நில்லு, நீ ஜெயிப்ப. அவள் வாயில் காப்பி புரையேறியது. நானா? கவர்னரா? அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, மேஜைமேல் கையை வைத்து, நீ ஜெயிப்ப என்று மறுபடியும் சொன்னான்... அந்த இரண்டாவது தடவைதான். வீட்டுக்குப் போகும் வழியில், பனி உருகிக் கறுத்துக் கிடந்த வயல்களுக்கு நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, கவர்னர் ஆர்டிஸ் க்வாமே என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள், யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தும் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை ஊர், எத்தனை தேவாலயக் கூடம், எத்தனை பேர் கையைப் பிடித்துக்கொண்டு உங்களுக்குத்தாம்மா என் ஓட்டு என்று... அவர்கள் எல்லோரும் சேர்ந்து கருத்துக்கணிப்பில் பதினான்கு சதவீதம். மற்ற இருவரும் நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்று.

நேற்று ப்ளைத்தின் ஆட்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த மரியாதைக்காரர்கள், நீங்க ஜெயிக்க முடியாது மேடம், ஆனா யாரு தோக்கணும்னு முடிவு பண்றது நீங்கதான், விலகிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க போதும் என்றார்கள். அவர்கள் போனதும் மெர்லுக்குத்தான் போன் செய்தாள். அவன் கத்தினான், விலகாத, என்ன ஆனாலும் விலகாத, உன்ன நம்பி எத்தன ஜனம் இருக்கு, மானம்னு ஒண்ணு இருக்கில்ல நமக்கு? போனை வைத்துவிட்டு அவள் அழுதாள், நன்றியில் அழுதாள்... இன்று காலை தேவாலயக் கூடத்தில் ஆதரவாளர்களுக்கு பான்கேக் விருந்து, பத்திரிகைக்காரர்களும் வருவார்கள், கடைசிவரை நிற்கிறேன் என்று அங்கே சொல்லிவிடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

குளம்பு. கிடைத்துவிட்டது குளம்பு, வழுக்குகிறது, உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெளியே இழுக்கும்போது கருப்பையைக் கிழித்துவிடும்... அப்போதுதான் மெர்லின் சட்டைப் பையில் போன் அடித்தது. தீவனக்காரனா இருக்கும், எடு பெர்னிஸ், என் கையெல்லாம் அசிங்கமா இருக்கு, என்றான். வெந்நீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு பெர்னிஸ் போனை எடுத்து, அவன் பேசுவதற்கு வசதியாக ஒலிபெருக்கியில் போட்டு அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். “மெர்ல், க்ரெய்க் பேசறேன், ஸ்டாங்லண்ட் ஆபீஸ்லேர்ந்து. உன் மாட்டு டாக்டர் கத என்னாச்சு? ப்ளைத் ஆளுங்க நேத்து அவளப் பாத்துட்டாங்களாமே? அவ விலகிட்டான்னா அந்த ஓட்டுல பாதிக்கு மேல ப்ளைத்துக்குப் போயிடும், நம்ம ஆள் காலி. மார்ச்சுல அவள எறக்கிவிட்டவன் நீ, செவ்வாக்கெழம ஓட்டுப் போடற வரைக்கும் பிடிச்சு வெச்சுக்க வேண்டியதும் நீதான்பா.” பெர்னிஸ் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதற்குள் க்ரெய்க் ஹலோ, ஹலோ, மெர்ல், இருக்கியா என்று இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

பெர்னிஸ் ஒருவழியாகப் போனை அணைத்தாள். ஆர்டிஸால் திரும்பக்கூட முடியவில்லை, கன்னம் பசுவின் தொடையில், கை உள்ளே, கைக்குள் குளம்பு. கையை உருவிக்கொண்டு எழுந்து அவன் முகத்தில் ஒன்று கொடுத்திருக்கலாம், கொடுத்திருக்க வேண்டும், ஆனால் குளம்பை விட்டால் மறுபடி கிடைக்காது, கன்று செத்துவிடும், பசுவும் செத்துவிடும், அவை என்ன பாவம் செய்தன... எறக்கிவிட்டவன். அப்படியென்றால் அந்தச் சமையலறை? ஆப்பிள் பலகாரத்தின் சூடு, பசுவின் காம்பு, மேஜைமேல் வைத்த கை? அந்த இரண்டாவது தடவை? அதையும் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, ஒரு தடவை சொன்னால் நம்பமாட்டாள், இரண்டு தடவை சொல் என்று? பசு முக்கியது, விட்டது. அந்த இடைவெளியில் கன்றை உள்ளே தள்ளி, குளம்பைப் பொத்தியபடியே காலை முன்னால் கொண்டுவந்தாள், அது மெல்ல நிமிர்ந்து நேரானது. “சங்கிலி குடு” என்றாள். தன் குரல் சாதாரணமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம். மெர்ல் கொடுத்தான். இரண்டு கால்களிலும் மாட்டினாள். “இழு. அவ முக்கும்போது மட்டும் இழு. இப்ப விடு. இப்ப இழு.” இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இழுத்தார்கள், பல வருடங்களாக இழுப்பதுபோலவே, அவன் மூச்சின் காப்பி வாடை முகத்தில் அடித்தது, இவனை இவ்வளவு நெருக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுக்க முடியவில்லையே என்பதுதான் எரிச்சலாக இருந்தது. கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. கிடேரி. மூக்கைத் துடைத்தாள், விலாவைத் தேய்த்தாள், தும்மியது.

“காப்பி போடட்டுமா ஆர்டிஸ்?” என்றாள் பெர்னிஸ். முகம் வெளுத்திருந்தது. பதிலுக்குக் காத்திராமல் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

மெர்ல் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து வைக்கோலால் தேய்த்துக்கொண்டேயிருந்தான், தேய்க்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும். ப்ளைத் வந்தா சாணி தேக்குற குட்டைக்கெல்லாம் பெரிய செலவு வெக்கிற சட்டம் வந்துடும், என்றான், என் பண்ண ரெண்டு வருஷம் தாங்காது, ஒனக்கே தெரியும். அவள் வாளியில் கையைக் கழுவினாள். “மூணு பேருல நீதான் நல்லவன்னு சொன்னேன். அது பொய்யில்ல ஆர்டிஸ். சத்தியமாப் பொய்யில்ல.”

“ஜெயிப்பேன்னும் சொன்னியே.”

அவன் நிமிரவில்லை. “நீ அத நெஜம்னா நெனச்ச?” என்றான். கிண்டலாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான், அதுதான் தாங்கவில்லை. அவள் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, நஞ்சுக்கொடி விழலன்னா சாயந்தரம் கூப்பிடு, வேற டாக்டர அனுப்பறேன், என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். விலகினால் ப்ளைத் ஜெயிப்பாள், செருப்பைக் கழற்றியவர்கள் சந்தோஷப்படுவார்கள். விலகாவிட்டால் ஸ்டாங்லண்ட், போனில் கேட்ட அந்தக் குரல் சந்தோஷப்படும். இதில் ஆர்டிஸ் க்வாமே எங்கே இருக்கிறாள்? வாக்குச்சீட்டில் மூன்றாவது பெயர், அவ்வளவுதானா, மேலே இருக்கிற இரண்டு பேரில் ஒருவரைத் தூக்கிவிட ஒரு கட்டை? கையைப் பிடித்த அந்தப் பெண்கள் எல்லாம்... அவர்களையும் யாராவது அனுப்பினார்களா? சே, இல்லை, அவர்கள் இல்லை... இனி எப்படி நிச்சயமாகச் சொல்வது? போன் அடித்தது. பிரசாரத்தைக் கவனித்துக்கொள்ளும் வெர்னா. “எங்கடி இருக்க? கூடம் நெறஞ்சு வழியுது, சுவரோரமா நிக்கிறாங்க, ரெண்டு டிவி கேமரா வேற, மாவு தீந்துபோய் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கேன்!” வரேன் என்றாள் ஆர்டிஸ். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலேயே வரேன் என்று சொல்லியிருந்தாள். வண்டியைக் கிளப்பினாள், பண்ணை வாசல்வரை வந்து நிறுத்தினாள். இரண்டு கேமரா. சுவரோரமாக நிற்கிறார்களாம். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, தலைமுடியில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தாள், கன்னத்தில் காய்ந்திருந்த ரத்தத்தை எச்சில் தொட்டுத் துடைத்தாள், பற்களைப் பார்த்தாள்... பதினான்கு சதவீதம் என்பது போன வாரக் கணக்குத்தானே, கூடம் நிறைந்து வழிகிறதென்றால்... கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. இவ்வளவு கேட்ட பிறகுமா?