இருங்க, பத்து செகண்டு

டெஸ்டரின் முள் பச்சையை விட்டு நழுவத் தொடங்கியபோது பின்னாலிருந்து கணவர் கூப்பிட்டார்.

"ஏம்மா..."

"இருங்க, பத்து செகண்டு" என்றாள் அவள், திரும்பாமல்.

தங்கள் பேட்டரிக் கடைமுன் நின்ற பள்ளி வேனின் இடது பக்கக் கதவைத் திறந்து, சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடியிலிருந்த பேட்டரியின் மேல் குனிந்திருந்தாள். லோடு டெஸ்டரின் சிவப்புக் கவ்வி ஒரு முனையையும் கறுப்புக் கவ்வி மறுமுனையையும் கடித்துக்கொண்டிருந்தன. கட்டை விரல் சுவிட்சை அழுத்திப் பிடித்திருந்தது. அழுத்தியதும் பேட்டரியின் தலையில் ஒரு பெரிய பாரம் ஏறும். டெஸ்டருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் காய்ந்து இஸ்திரிப் பெட்டி வாசனை வரும். பத்து விநாடிக்கு முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் விரலை எடுத்தால் பேட்டரி ஆறும்வரை காத்திருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வேன் டிரைவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, காலையில் வண்டி பாதி வழியில் நின்றுபோனதற்காக ஏதோ ஒரு குழந்தையின் அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆறு. ஏழு. முள் மஞ்சளைத் தாண்டியது. எட்டில் சிவப்பு. ஒன்பது, பத்து.

"போச்சு, மாத்தித்தான் ஆகணும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

அவர் கடை வாசலில், ஓரமாக அடுக்கியிருந்த பழைய பேட்டரிகளின் மேல் ஒரு கையை ஊன்றி முழங்காலிட்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை வழுக்கியது.

அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் குதித்து இறங்கி ஓடி வந்தான். போன் இன்னும் காதில் இருந்தது. "என்னக்கா, என்ன ஆச்சு?"

இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி வேனின் நீள சீட்டில் கிடத்தினார்கள். தெருவில் அந்த நேரத்துக்கு வேறு வண்டி எதுவும் இல்லை. டிரைவர் சாவியைத் திருகினான். டக் என்று ஒரு சத்தம் வந்ததோடு சரி. காலையிலிருந்து தள்ளித் தள்ளிக் கொண்டுவந்த வண்டி அது.

அவள் கடைக்குள் ஓடி, சார்ஜ் ஏற்றி வைத்திருந்த புதுப் பேட்டரியைத் தூக்கினாள். கடை வைத்த பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு பேட்டரியைக்கூடத் தூக்கியதில்லை. தூக்குவது அவர் வேலை, சோதித்துச் சொல்வது அவள் வேலை. இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். எப்படி வந்தாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை. பழையதைக் கழற்றினாள், புதியதை வைத்தாள், இரண்டு நட்டையும் முறுக்கினாள். ஸ்பேனர் ஒருமுறை நழுவி விரல் முட்டியைப் பெயர்த்தது. "இப்ப போடு" என்றாள். வேன் ஒரே திருகலில் உயிர்பெற்றது.

ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவர் தலை அவள் மடியில் இருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன.

"கூப்பிட்டாரு தம்பி" என்றாள் அவள் முன்சீட்டின் முதுகைப் பார்த்து. "என்னைக் கூப்பிட்டாரு. நான் திரும்பலை."

டிரைவர் கியரை மாற்றினான். ஹாரனை அழுத்திக்கொண்டே போனான்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருத்தி திரைச்சீலைக்குப் பின்னால் போய், கொஞ்ச நேரத்தில் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தாள். வரும்போதே உயிர் இல்லை என்றாள். முன்னால் ஏதாவது வலி இருந்ததா என்று கேட்டாள். இரண்டு நாளாகத் தோள்பட்டை வலிக்கிறது என்றார், பேட்டரி தூக்கிய பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன் என்று இவள் சொன்னாள். டாக்டர் தலை குனிந்து எதையோ எழுதினாள்.

"நீங்க உங்களைப் போட்டு வருத்திக்காதீங்கம்மா. இந்த மாதிரி வந்தா ஒரு நிமிஷம்கூடத் தாங்காது."

"பத்து செகண்டு முன்னாடி பார்த்திருந்தா?"

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை" என்றாள்.

மத்தியானத்துக்குள் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டில் ஆட்கள் நிறைந்தார்கள். முன்னறையில் சோபாவை நகர்த்தி இடம் செய்தார்கள். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசலில் வரிசையாக வந்து இறங்கின. வந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் பேட்டரி வாங்கியவர்கள். ஒவ்வொருவரிடமும் அவர் அடித்த ஒரு கிண்டல் இருந்தது. ஒருவர் தன் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் முள்தான் பொய் சொல்கிறது என்று ஒருமுறை சண்டைக்கு வந்தாராம். அதற்கு இவர், "பொய் சொல்றதுக்கு அது என்ன உங்க மச்சானா? எங்க டாக்டரம்மா கை வெச்சுப் பார்த்துச் சொன்னா அவ்வளவுதான், ஆளை அனுப்பி வெச்சிட வேண்டியதுதான்" என்றாராம். இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் சிரித்து, சிரித்த வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவளை டாக்டரம்மா என்று கூப்பிடுவது அவர் ஒருத்தர்தான். ஆள் முன்னால் டாக்டரம்மா. தனியாக இருந்தால் ஏம்மா.

நாத்தனார் உள்ளறையில் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணனுக்குப் போட ஒரு நல்ல சட்டை எடு."

எடுத்த சட்டை எல்லாவற்றிலும் ஆசிட் பட்டு ஓட்டை. வயிற்றுப் பக்கம், கை மடிப்பில், சில சட்டைகளில் கடுகு அளவு, சிலவற்றில் விரல் நுழையும் அளவு. நாத்தனார் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கட்டிலில் போட்டாள். அடித்தட்டில் மகள் வாங்கிக் கொடுத்த சட்டை ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. கடைக்குப் போட்டால் வீணாகிவிடும், எங்கேயாவது போகும்போது போட்டுக்கொள்கிறேன் என்று வைத்திருந்தார். எங்கேயும் போகவில்லை. இவள் கட்டிலில் உட்கார்ந்து காலர் அடியிலிருந்த அட்டையை உருவி, குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். முட்டி பெயர்ந்த விரல் மடங்க மறுத்தது.

"கடைசியா என்னதான் சொன்னாரு?" என்று நாத்தனார் கேட்டாள். குரல் உடைந்திருந்தது. "ஒரு வார்த்தைகூடவா சொல்லலை?"

"திரும்பிப் பார்த்தேன். விழுந்துட்டாரு."

அதில் பொய் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். அவளும் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த இரண்டு வாக்கியமும் தேய்ந்து, யாரோ சொல்லிக் கொடுத்த பாடம் மாதிரி ஆகிவிட்டது.

சாயங்காலம் மகள் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் தடவியபடி இருந்தாள். அப்புறம் அவளும் கேட்டாள்.

"அப்பா என்னைப் பத்தி எதுவும் கேட்டாராம்மா?"

இவள் இல்லை என்று தலையசைத்தாள். மகள் அதற்கப்புறம் எதுவும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. அவரை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பியவர்களில் பலர் வாசலிலேயே விடைபெற்றுக்கொண்டார்கள். நாத்தனார் சமையலறையில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். இவள் வாசலில் ஒரு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது வேன் வந்து நின்றது.

டிரைவர் இறங்கி வந்து அவள் எதிரில் நின்றான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்திருந்தான். பரீட்சைக்கு வந்தவன் மாதிரி இருந்தான்.

"அக்கா, நேத்து ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்தப் பதட்டத்துல."

"சொல்லு தம்பி."

"அண்ணன் கூப்பிட்டாருல்ல, அப்ப நான் கண்ணாடியில பார்த்துட்டுத்தான் இருந்தேன். நீங்க இருங்கன்னு சொன்னதும் சிரிச்சாருக்கா. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாரு. இப்படி." உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்ல அசைத்துக் காட்டினான். "இருக்கட்டும், வேலையை முடிக்கட்டும்ங்கிற மாதிரி. வலிக்கிற முகமே இல்லைக்கா. அதுக்கப்புறம்தான் சட்டுனு..."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் காதில் இருக்க இவன் இறங்கி ஓடி வந்தது ஞாபகம் வந்தது. என்னக்கா, என்ன ஆச்சு என்று கேட்டதும். பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படிக் கேட்க மாட்டான். ராத்திரி முழுக்க இதை உருட்டி உருட்டிச் செய்திருக்கிறான். எந்தக் கை, எப்படி அசைக்க வேண்டும் என்பதுவரை யோசித்திருக்கிறான்.

"சிரிச்சாரா?" என்றாள்.

"ஆமாக்கா."

"சரி தம்பி."

அவன் சாவியை விரலில் மாட்டிக்கொண்டான். சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும் என்றான்.

"வண்டி இப்ப எப்படி இருக்கு?"

"ஒரே திருகல்ல எடுக்குதுக்கா."

"நட்டை ஒரு தடவை இறுக்கிக்கோ. நேத்து அவசரத்துல சரியா முறுக்கியிருக்க மாட்டேன்."

"சரிக்கா" என்றான். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே போய் வண்டியில் ஏறினான்.

வேன் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் மகள் எழுந்து வந்து படியில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"யாரும்மா?"

"வேன்காரத் தம்பி."

"என்னவாம்?"

 எதிர் வீட்டு மாடியில் யாரோ துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா விழுறதுக்கு முன்னாடி சிரிச்சாராம். அவன் கண்ணாடியில பார்த்திருக்கான்."

மகள் நிமிர்ந்தாள். "நிஜமாவா?"

"டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தேன்ல. என்னைக் கூப்பிட்டாரு. நான் இருங்கன்னேன். அதுக்குச் சிரிச்சிட்டு, கையை இப்படிக் காட்டினாராம்." அவள் உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து அசைத்தாள். கை தானாகவே நின்றது. பிறகு, டிரைவர் சொல்லாததை அவளே சொன்னாள். "டாக்டரம்மா வேலையா இருக்காங்க, தொந்தரவு பண்ணாதேன்னாராம்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. "அப்பாதான். அப்பா அப்படித்தான் சொல்லியிருப்பாரு." முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அத்தை, சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

நாற்காலிக்காரர் தட்டுவண்டியோடு வந்தார். வாசலில் கிடந்தவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கத் தொடங்கினார். தரையில் உரசிய கால்கள் கிறீச்சிட்டன. கடைசி அடுக்கை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டப் போனவர், விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்து நின்றார். சுவரோரம் பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார். அவளைப் பார்த்ததும் சங்கடப்பட்டு, "பரவாயில்லைம்மா, நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்றார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் தூசியை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு, தானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தாள்.

வண்டி போன பிறகு வாசல் அகலமாக இருந்தது. அவள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.