மூக்கன் பிடிபட்ட இடம்

எங்கள் கிசங்கானி ஊர் அருங்காட்சியகத்தில் சனிக்கிழமைதோறும் பேச்சு உண்டு. ஒரு வாரம் முகமூடிகள், அடுத்த வாரம் வெள்ளைக்காரன் ஆண்ட கதை, அதற்கடுத்த வாரம் காடும் ஆறும். வருகிறவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் பேசுவார்கள். அதைக் கூட்டத்துக்குச் சுவாஹிலியில் சொல்வது என் வேலை. மற்ற நாட்களில் மீனும் பாம்பும் ஊறும் கண்ணாடிக் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவேன். பதினாறு வருடமாக இதே பிழைப்பு. என் அக்கா அனிஃபா சந்தையில் மீன் விற்கிறவள். "இவன் என் தம்பி ஃபெரூசி. வாயை வாடகைக்கு விட்டிருக்கான்" என்றுதான் என்னை நாலு பேருக்கு அறிமுகப்படுத்துவாள்.

வழக்கமாக முப்பது பேர் வருவார்கள். அதிலும் பாதிப் பேர், பேச்சு முடிந்ததும் கொடுக்கிற எண்ணெய்ப் பலகாரத்துக்காக வருகிறவர்கள். அந்தச் சனிக்கிழமை, பேச்சு நடக்கும் முற்றத்து மாமரத்தடியில் இருநூறு பேர் நின்றார்கள். எல்லாரும் எங்கள் வகேனியா ஆட்கள், அருவியில் கம்பம் நட்டு, அதில் கூடை கட்டி மீன் பிடிக்கிறவர்கள். சிரிப்பில்லாத கூட்டம். அக்கா முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, வாழை இலை மூடிய மீன் சட்டியைக் காலடியில் வைத்திருந்தாள். அவள் பக்கத்தில் மச்சான் பொசோங்கோ. அவர் அதிகம் பேசமாட்டார். வீட்டில் இருவருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவதால் குறை தெரியாது.

காரணம் மேடையோரம் உட்கார்ந்திருந்தது. ஆற்று அலுவலகத்து அதிகாரி கயெம்பே. மூன்று வருடத்துக்கு அருவியில் யாரும் கூடை கட்டக்கூடாது என்கிற உத்தரவு அவர் மடியில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. கூடை தொங்காத கம்பத்தை யாரும் பழுது பார்க்கமாட்டார்கள். பழுது பார்க்காத கம்பத்தை ஆறு ஒரே வெள்ளத்தில் கொண்டுபோய்விடும். கம்பம் போனால் அந்த இடத்தில் குடும்பத்தின் உரிமையும் போச்சு. மச்சானுக்கு நான்கு கம்பங்கள். அவருடைய தாத்தா லிசோமா நட்ட இடத்தில் அவர் அப்பா நட்டு, அதே இடத்தில் இவர் நட்டவை. வேறு சொத்து கிடையாது.

பேச வந்தவர் பெல்ஜியத்து மீன் ஆராய்ச்சியாளர் லீவன். கெட்டவர் என்று சொல்லமுடியாது. கெட்டவராக இருந்திருந்தால் அவர் பேச்சை மொழிபெயர்ப்பது எனக்கு இத்தனை கசந்திருக்காது. அவர் எழுதிய அறிக்கையை வைத்துத்தான் உத்தரவு தயாராகியிருந்தது.

திரையில் ஒரு மீன் வந்தது. யானைத் தும்பிக்கை போலத் தொங்குகிற நீள மூக்கு. நாங்கள் மூக்கன் என்போம். அடுத்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தின் பக்கம் வந்தது. லீவன் விளக்கினார், நான் சொன்னேன்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டுல ஒரு வெள்ளைக்கார அதிகாரி இங்க மீன் சேகரிச்சார். இடது கரையில ஆமைப் பாறைகிட்ட மூக்கன் ஏராளமாக் கிடைக்குதுன்னு எழுதியிருக்கார். தகவல் குடுத்தவர் லிசோமா, நம்பிக்கையான ஆளு. அதே ஆமைப் பாறையில இந்த டாக்டர் லீவன் மூணு வருஷமா வலை போட்டுப் பார்த்திருக்கார். ஒண்ணுகூட இல்ல. கூடை கட்டியே மூக்கனை நாம அழிச்சிட்டோம்ங்கிறார்."

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது பக்கத்தில் இருந்தவனுக்குப் பரவி, இருநூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கிழவர் நாற்காலியோடு சாய்ந்தேவிட்டார். "மூணு வருஷமா? ஆமைப் பாறையிலயா?" என்று ஒருவர் கேட்க, மறுபடி சிரிப்பு.

"நான் தப்பாக ஏதாவது சொன்னேனா?" என்று லீவன் என்னிடம் கேட்டார். முகம் சிவந்துவிட்டது, பாவம்.

ஆமைப் பாறையில் மீனே கிடையாது. ஆறு மாதம் அது தரையில் நிற்கும். மீதி ஆறு மாதம் பெண்கள் அதன்மேல் பானை தேய்ப்பார்கள். அருவியில் கம்பங்கள் எல்லார் கண்ணிலும் படும். ஆனால் எந்தக் கம்பத்தடியில், எந்த ஆழத்தில், எந்த மாதம் எந்த மீன் ஏறுகிறது என்பதை எங்கள் ஆட்கள் எவரும் சொல்லமாட்டார்கள். கட்டிய பெண்டாட்டிக்கே சொல்லமாட்டார்கள். எங்கே பிடித்தாய் என்று கேட்டால் ஊருக்கெல்லாம் ஒரே பதில்தான்: ஆமைப் பாறை. கேட்டவனும் சரி என்று போய்விடுவான். அந்த வெள்ளைக்கார அதிகாரி மட்டும் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறான்.

இதை நான் பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"கேக்கறவன் கேனையனா இருந்தா கேழ்வரகுல நெய் வடியுதும்பாங்க. டேய் ஃபெரூசி, அந்தத் தம்பிகிட்ட இத அப்படியே சொல்லு. முழுங்காத. மூக்கன் செத்துப்போச்சாமா? இந்தா, நல்லா கண்ணத் திறந்து பாரு!"

சட்டியின் இலையை விலக்கினாள். தண்ணீருக்குள் மூன்று மூக்கன்கள் வளைந்து நெளிந்தன. ஒன்று துள்ளி லீவனின் கால்சட்டையை நனைத்தது. அவர் அப்படியே தரையில் மண்டியிட்டுவிட்டார். மூன்று வருடம் தேடிய மீன்.

கயெம்பே எழுந்தார். "எங்கேருந்தோ வாங்கிட்டு வந்து காட்டினா ஆச்சா? இந்த அருவியில எந்த இடத்துல புடிச்சதுன்னு சொல்லுங்க. இடம் சொன்னா, அந்த இடத்துல மட்டும் தடை. மத்தவங்க பிழைச்சுக்கலாம். சொல்லலைன்னா எல்லாருக்கும் தடை. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"ஆபீசர் ஐயா, எனக்கே தெரியாது. இருபத்திரெண்டு வருஷம் குடும்பம் நடத்தி அஞ்சு பிள்ளை பெத்தாச்சு, இந்த மனுஷன் வாயத் திறக்கலையே! நீங்க கேட்டுப் பாருங்க, ஒங்களுக்காவது சொல்றாரான்னு," என்றாள் அக்கா.

கூட்டம் மறுபடி சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"லிசோமா எங்க தாத்தா. நம்பிக்கையான ஆளுன்னு எழுதியிருக்கானே, அவன்தான் தாத்தாவ ஆத்தங்கரையில கட்டிவச்சு நீர்யானைத் தோல் சாட்டையால அடிக்கச் சொன்னான். இடத்தச் சொல்லுன்னான். பதினேழு அடி வரைக்கும் அவர் வாயே திறக்கல. பதினெட்டாவது அடி விழறப்போ ஆமைப் பாறைன்னார். அப்பவும் பொய்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "யானை எங்கன்னு கேட்டாங்க, சொன்னோம். ரப்பர்க் கொடி எங்கன்னு கேட்டாங்க, சொன்னோம். ரெண்டும் போச்சு. இது மட்டும்தான் மிச்சம்."

உட்கார்ந்துவிட்டார். இதைப் பிரெஞ்சில் சொல்லும்போது என் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. வெட்கமாக இல்லை. ஆத்திரமாக இருந்தது.

கயெம்பே என் பக்கம் திரும்பினார். "ஃபெரூசி, போன வருஷம் இவர் கால் ஒடிஞ்சு கிடந்தப்போ அவருக்குப் பதிலா ஆத்துல முங்கினது நீதான்னு ஊரே சொல்லுது. அப்போ இடம் ஒனக்குத் தெரியும். நீ அரசாங்கச் சம்பளம் வாங்கறவன். திங்கட்கிழமை இங்க வேலைக்கு வரணும்னு ஆசை இருந்தா, சொல்லு."

இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா பார்த்த பார்வைதான் குத்தியது. நான் சொல்லிவிடுவேன் என்றே அவள் முடிவுகட்டியிருந்தாள். எந்தக் கம்பம், எத்தனை ஆள் ஆழம், எந்தப் பாறை இடுக்கு, எல்லாமே தெரியும். நுனிநாக்கில் இருந்தது. எனக்கும் வீடு இருக்கிறது, வயிறு இருக்கிறது. ஆனாலும் அந்த ஆளின் அதட்டலைக் கேட்டபோது பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"தெரியும் ஐயா," என்றேன். "சொல்லமாட்டேன்."

"என்னது?"

"சொல்லமாட்டேன்னேன். வேலையப் புடுங்கறதுன்னா புடுங்கிக்கோங்க. அடிக்கறதுன்னாலும் அடிங்க. பதினெட்டு வரைக்கும் எண்ணிட்டு நானும் ஆமைப் பாறைதான்னு சொல்வேன்."

கூட்டத்திலிருந்து எழுந்த சத்தத்தில் மாமரத்துக் காக்கைகள் பறந்துபோயின. அக்கா கை தட்டவில்லை. தோள்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

லீவன் என்னிடம் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அந்தச் சத்தமே போதுமாக இருந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு கயெம்பே முன்னால் போய் நின்று பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். "இந்த மீன் பிடிபட்டால் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். அதனால் இது இன்று காலை இதே அருவியில் பிடித்ததுதான். மூக்கன் அழிந்துவிட்டது என்று நான் எழுதியது தவறு. அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். அதை ஆதாரமாக வைத்து நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடமுடியாது."

இதை மட்டும் நான் தொண்டை கிழியச் சுவாஹிலியில் சொன்னேன். கயெம்பே உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு வெளியே போனார்.

செத்துப்போன ஒரு மூக்கனை அக்கா கொடுத்தாள். லீவன் அதைக் குப்பியில் இட்டு என் முன்னால் வைத்தார். "சீட்டு எழுதுங்கள். ஆனால் இடத்துக்கான கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, விட்டால் எங்கள் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஏற்கமாட்டார்கள்," என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது.

தேதி எழுதினேன். பிடித்தவர் என்ற இடத்தில் பொசோங்கோ, லிசோமாவின் பேரன் என்று எழுதினேன். அடுத்த கட்டத்தையும் நிரப்பினேன். லீவன் படித்துப் பார்த்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னடா எழுதின?"

"பிடிபட்ட இடம்: சொல்லமாட்டோம்."

"இவ்வளவு பொடியாவா எழுதுவாங்க?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். "அடிச்சுட்டுப் பெருசா எழுது. வாசல்லேருந்து பார்த்தாலே தெரியணும்."