மாப்பிள்ளைக்கு நேற்றைய ரொட்டி

1

இந்தக் கதை ஒரு முழங்கையிலிருந்து வந்தது. சிரிக்க வேண்டும் போலிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. எப்போதோ ஒருநாள் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரத்து வீடு ஒன்றில், சமையலறை ஜன்னலுக்குள் ஒரு குதிரை தலையை விட்டுக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், ஈரக்கையைத் தூக்கி, முழங்கையால் அதன் முகத்தை ஒதுக்கினாள். ஒதுங்கிய குதிரை மறுபடியும் தலையை நீட்டியது. அதற்குள் பேருந்து போய்விட்டது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

குதிரையை அப்படி ஒதுக்கும் நிம்மதி அவளுக்கு எப்படி வந்தது என்று எழுத உட்கார்ந்தேன். சண்டையும் வேண்டாம், சாவும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்.

2

முதல் தொடக்கம்: ‘பசுமையான வயல்களுக்கு நடுவே’. அடித்துவிட்டேன். வயல் என்று எழுதினாலே என் பேனா தானாகப் போய்ப் ‘பசுமையான’ என்பதைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது: ‘அவர்கள் வீடு பார்க்க வந்த அன்று மழை’. வேண்டாம். மழையில் இறங்கினால் நான் கரையேற நாலு பக்கமாகும்.

மூன்றாவது நின்றது. இதோ:

அவள் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்தவள். கையெழுத்து இல்லை, முத்திரை தெளிவில்லை, தேதி தாண்டிவிட்டது. “இது செல்லாது. அடுத்தவங்க வாங்க” என்பதுதான் அவள் தினமும் அதிகம் சொன்னது. ஒருமுறை காய்கறிக் கடையில், “இந்தக் கத்திரிக்காய் வேண்டாம்” என்று சொன்னதும் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதர் குரலை அடையாளம் கண்டு இரண்டடி பின்னால் போனார். அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஓய்வு பெற்று ஊர்ப்புறத்தில் வீடு வாங்கியபோது கணவரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

“இனிமே யார்கிட்டயும் இல்லைன்னு சொல்ற வேலை எனக்கு வேண்டாம்ங்க.”

வீட்டை விற்றவர் குதிரையையும் சேர்த்தே விற்றார். “அது இங்கேயே பொறந்தது. அதுவும் இருக்கும்னா வீடு உங்களுக்கு” என்றார். கணவர் குதிரையைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்தார்.

“வேலை வெட்டி கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு. வர்றவங்க கையில எதையாவது கொண்டுவரணும். மாப்பிள்ளைன்னே கூப்பிடலாம்.”

அந்தப் பெயரே நிலைத்தது.

3

இனி அக்கம்பக்கம். இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன்.

முதல் வரைவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ‘நல்லவர்கள்’ என்று எழுதியிருந்தேன். எழுதிப் பார்த்தால் ஒருவருக்கும் முகமே இல்லை. நல்ல மனசு காகிதத்தில் தெரிய மாட்டேன் என்கிறது. கையில் எதையாவது கொடுத்தால்தான் தெரிகிறது. அதனால் டீச்சர் கையில் கேரட்டைக் கொடுத்தேன். தபால்காரர் பையில் ஆப்பிளைப் போட்டேன். எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரர் கையில் காகிதப் பை, அதற்குள் நேற்றைய ரொட்டி நாலு துண்டு. எல்லாம் மாப்பிள்ளைக்கு. எல்லோருக்கும் உடனே முகம் வந்துவிட்டது. நானும் சந்தோஷமாக எழுதிக்கொண்டே போனேன்.

அதிலும் ரொட்டிக்காரரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. விடிவதற்கு முன்பே அடுப்பை மூட்டி, எட்டு மணிக்கெல்லாம் அன்றைய வேலையை முடித்துவிடுகிற மனிதர். ஊர் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பும். அவரோடு நின்று பேச ஆள் கிடையாது. இவர்கள் குடிவந்த வாரம் மோட்டார் கெட்டுப்போனபோது, ஒருவரும் கேட்காமல் பன்னிரண்டு வாளி தண்ணீர் சுமந்து வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர் அவர்தான். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அடுத்த மூன்று நாளும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று குதிரையைப் பார்த்தார். நாலாம் நாள் ரொட்டியோடு வந்தார். அன்றுதான் கேட்டைத் தாண்டினார்.

“சாப்பிடுதும்மா!” என்றார், பள்ளியில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

நாலே மாதத்தில் மாப்பிள்ளைக்குக் கழுத்து தடித்தது. முன்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, சாய்வு நாற்காலியில் கிடப்பவர்போல நிற்க ஆரம்பித்தது.

“பாருங்க, என்ன ஒய்யாரம்!” என்றார் டீச்சர். அதற்காகவே இன்னொரு கேரட்.

(அந்த ‘ஒய்யாரம்’ என்ற சொல்லை நான்தான் டீச்சருக்குக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.)

4

லாடம் அடிப்பவர் வந்தார். குனிந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தவர் நிமிரவே இல்லை.

“கையை வச்சுப் பாருங்கம்மா.”

வைத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தது.

“வலி தாங்காமத்தான் இப்படிச் சாஞ்சு நிக்குது. என்ன குடுக்கிறீங்க?”

கேரட், ஆப்பிள், ரொட்டி நாலு துண்டு என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் விரல் மடக்கினார். ஒரு கை போதவில்லை.

“அத்தனையும் இனிப்பு, மாவு. காலுல இறங்கிருச்சு. நனைச்ச வைக்கோலைத் தவிர வேற எதுவும் வாயில படக்கூடாது. காலையும் சாயங்காலமும் கால்மணி நேரம் காலுக்குப் பச்சைத் தண்ணி ஊத்தணும். இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா எந்திரிக்காது. எந்திரிக்காத குதிரையை வச்சுக்க முடியாதும்மா.”

ஆக, நான் வேண்டாம் என்று சொன்ன சாவு கேட்டருகே வந்து நின்றுவிட்டது. கொண்டுவந்து நிறுத்தியது நான். அக்கம்பக்கத்தைப் பிரியமானவர்களாகக் காட்ட நான் நீட்டிய ஒவ்வொரு பண்டமும் அதன் காலில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

5

டீச்சரிடமும் தபால்காரரிடமும் கணவர் பேசிவிட்டார். டீச்சர் தலையிலடித்துக்கொண்டு, “ஐயோ, நானே கொன்னிருப்பேனே!” என்றார். தபால்காரர் ஆப்பிளைத் தானே கடித்துக்கொண்டு போனார். மீதி ஒருவர்தான்.

“அவர்கிட்ட நீ சொல்லிரு. முப்பத்தொரு வருஷப் பழக்கம் உனக்கு.”

“அந்தப் பழக்கம் இருக்கிறதாலதான் பயமா இருக்கு. வாயைத் திறந்தா அந்தக் குரல் வந்துரும்.”

“அப்ப ஒரு பலகை எழுதி மாட்டிரலாம்.”

“பன்னண்டு வாளி தூக்கினவருக்குப் பலகையாங்க?”

மறுநாள் காலை அவள் ஒரு தந்திரம் செய்தாள். பையை வழியிலேயே வாங்கிக்கொண்டாள்.

“குடுங்கண்ணே, அப்புறமா நானே குடுத்துடறேன்.”

ரொட்டிக்காரர் கொடுத்துவிட்டுப் போனார். அன்று காலை, மதியம், இரவு மூன்று வேளையும் புருஷனும் பெண்டாட்டியும் நேற்றைய ரொட்டியைத் தின்றார்கள். இரண்டாம் நாளும் தின்றார்கள்.

“மாப்பிள்ளைக்குப் பதிலா நான் சாஞ்சு நிக்கப்போறேன்” என்றார் கணவர்.

மூன்றாம் நாள் ரொட்டிக்காரர் பையை விடவில்லை.

“நானே குடுத்துக்கிறேம்மா. என் கையால வாங்கினாத்தானே அதுக்கு என்னைத் தெரியும்?”

அவள் விரல்கள் தாமாகப் பிரிந்தன. அன்று மாப்பிள்ளை நாலு துண்டையும் தின்றது. அன்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிவரைக்கும் அதனால் நடக்க முடியவில்லை. கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளே தொட்டியில் மொண்டு மொண்டு வந்து அதன் கால்களில் ஊற்றினாள். நாலாவது வாளியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். சூடு இறங்கவில்லை.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பலகை: ‘குதிரைக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.’ ரொட்டிக்காரர் அதைப் படித்துவிட்டு, பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார். குதிரை பிழைக்கிறது. எட்டு மணிக்குக் கேட்டருகே யாரும் இல்லை. சரியான முடிவுதான், ஆனால் அதை மூன்றாம் ஜன்னலே எழுதியது போலிருக்கிறது.

இன்னொன்று: ‘ஒருநாள் விடிகாலையில் மாப்பிள்ளை’. இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். வயதானவள் நான், சிலதைச் செய்ய மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவள் தைரியமாகப் பேசிவிடும் முடிவும் ஒன்று உண்டு. ஏழு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அவள் வாயைத் திறந்ததும் அந்தப் பழைய குரல்தான் வருகிறது. இல்லையென்றால் என் குரல் வருகிறது. என் குரல் அதைவிட மோசம், இன்னொரு ரொட்டியை நீட்டிவிடும்.

அதனால் அந்த ஒரு வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். அதற்கு முன்னால் நடப்பதையும் பின்னால் நடப்பதையும் நான் எழுதித் தருகிறேன்.

7

மணி எட்டு. அவள் கேட்டருகே நிற்கிறாள். பக்கத்தில் மூன்று வாளிகள். இரண்டு நிரம்பியிருக்கின்றன, ஒன்று காலி. மாப்பிள்ளை மரநிழலில் சாய்ந்து நிற்கிறது. ரொட்டிக்காரர் சாலையைக் கடந்து வருகிறார். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கிறது.

“என்னம்மா, இன்னிக்கி எப்படி இருக்கான்?”

அவள் சொன்னாள்: “அண்ணே,                    ”

(உங்களுடையது.)

நீங்கள் சொன்னது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வந்திருந்தால், அவர் “சரிம்மா” என்பார். பையை மடிப்பார். கேட்டின் கொக்கி விழும் சத்தம் கேட்கும். நாளை கேட்காது.

நீங்கள் அவர் கையைப் பிடித்து அந்தக் குளம்பின்மேல் வைத்துவிட்டுச் சொல்லியிருந்தால், அவர் வெகுநேரம் கையை எடுக்க மாட்டார். அடுப்புச் சூடு தெரிந்த கை அது. பிறகு பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டுவார். “இது எத்தனை நாளா?” என்று கேட்பார். பதிலுக்குக் காத்திராமல் காலி வாளியை எடுப்பார்.

இரண்டையும் எழுதிவிட்டேன். இரண்டில் எது நடந்ததோ, அதைப் பொறுத்துத்தான் பேருந்திலிருந்து நான் பார்த்த அந்த முழங்கையின் நிம்மதி.

யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள். காகிதப் பையின் சரசரப்பு மாப்பிள்ளைக்குக் கேட்டுவிட்டது. வலிக்கிற காலை எடுத்து முன்னால் வைக்கிறது.