உயரவேலியடி

1962ஆம் ஆண்டு வைகாசியில் நீர்வேலி கிராமத்துப் பரமலிங்கம் வீட்டுக் கிடுகுவேலி ஓர் இரவில் ஒரு முழம் வளர்ந்தது. வேலிக்கு நட்ட கதியால் தளிர்விட்டதைச் சொல்லவில்லை, அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வளர்ந்தது காய்ந்த தென்னோலைக் கிடுகு. கட்டுக் கயிறும் குறுக்குத் தடியுமாக, அடைத்தவன் அடைத்தபடி உயர்ந்து நின்றது. அந்த வருடம் வெயில் நல்லது, வாழைக்குலைக்கு விலையும் நல்லது. வேலி வளர்ந்ததற்கு முதல் நாள் பரமலிங்கத்தின் மனைவி நாகேஸ்வரிக்கு மூன்று மாதக் கரு கலைந்திருந்தது. கலியாணமாகி ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை.

காலையில் முற்றம் கூட்ட வந்த மாமியார் சின்னத்தங்கம் வேலியை ஏற இறங்கப் பார்த்தார். அவர் அதிசயப்பட்டதாகத் தெரியவில்லை. குசினிக்குப் பின்னால் சாத்தியிருந்த கொக்கைத்தடியை எடுத்து, அதன் நுனியில் கட்டிய கத்தியால் புதிதாக வளர்ந்த முழத்தை ஓரம் பிசகாமல் வெட்டிச் சரித்து, ஊர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அடுப்பில் எரித்தும் விட்டார். மருமகளுக்கு ஒன்று மட்டும் சொன்னார். "பிள்ளை, வீட்டுக்கை நடந்தது வீட்டுக்கை இருக்கட்டும். ஆரும் கேட்டால் காய்ச்சல் எண்டு சொல்லு."

நாகேஸ்வரி காய்ச்சல் என்றே சொன்னாள். இதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் படலைக் கதவைத் திறந்தால் "எங்கை போறியள்?" என்று கேட்பது மரியாதை, "உதிலை", இங்கே பக்கத்தில்தான், என்று பதில் சொல்வது அதைவிட மரியாதை. சந்தைக்குப் போனாலும் உதிலை, வழக்கென்று கோட்டுக்குப் போனாலும் உதிலை, கப்பலேறிச் சிங்கப்பூருக்குப் போனவரும் உதிலைதான் போனார். கேட்டவருக்குப் போகிற இடம் முன்பே தெரிந்திருக்கும் என்பதால் எவருக்கும் நட்டமில்லை.

1964இல் இரண்டாவதும் தங்கவில்லை. வேலி மறுபடி வளர்ந்தது. சின்னத்தங்கம் கதிரை வைத்து ஏறி நின்று அதையும் வெட்டினார். 1966இல் மூன்றாவதும் போனபோது, முன்பு வெட்டிய முழங்களையும் சேர்த்துக்கொண்டு வேலி வீட்டு முகட்டைத் தாண்டிப் போயிற்று. கதிரைக்கு மேல் உரலை வைத்தும் கொக்கைத்தடி எட்டவில்லை. ஒன்றையும் வெளியில் காட்டக்கூடாது என்று அடைத்த வேலி, சந்தியில் நிற்பவனுக்கும் தெரிந்தது.

ஊர் மிகவும் நாகரிகமாக நடந்துகொண்டது. வேலி ஏன் வளர்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கிடுகு எங்கே வாங்கியது, நல்ல கிடுகு போலிருக்கிறது என்று மட்டும் சிலர் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பத்மாசினியின் மிளகாய்ப் பாயில் நிழல் விழுந்தது. அவர் வாய் திறக்காமல் பாயை ஒழுங்கைப் பாதையின் மறுபக்கம் இழுத்துப் போட்டார். யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதால் நாகேஸ்வரிக்கு நேரே புத்தி சொல்ல முடியவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை இருக்கு" என்று தொடங்கி, அந்தப் பிள்ளை பப்பாசிப்பழம் தின்றதையும், தண்ணிவாளி தூக்கியதையும், ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காததையும் அவளிடமே சொன்னார்கள். அந்தத் தெரிந்த பிள்ளைக்காக நாகேஸ்வரி இரண்டு கையிலும் நூல் கட்டி, சஷ்டி விரதம் பிடித்து, பப்பாசி மரத்தைக் கண்டால் சுற்றி நடந்தாள். பரமலிங்கத்தின் கையில் ஒருவரும் நூல் கட்டவில்லை. அவர் பப்பாசிப்பழம் விரும்பிச் சாப்பிடுவார்.

மூன்றாவதற்குப் பிறகு ஊர் மருத்துவிச்சி ஒரு செய்தி சொல்லியிருந்தார். இப்படி அடுக்கடுக்காகக் கலைந்தால் ஏன் என்று பார்க்கப் பட்டினத்து ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மா இருக்கிறா, புருஷன் பெண்சாதி இருவரின் இரத்தத்தையும் சோதிப்பா. நாகேஸ்வரி இரவுச் சாப்பாட்டின்போது இதை மெதுவாக எடுத்தாள். சின்னத்தங்கம் அகப்பையைக் கீழே வைத்தார். "சோதிக்கிறது எண்டால் வருத்தம் இருக்கு எண்டு அர்த்தம். பரம்பரை வருத்தம் எண்டு கதை வெளிக்கிட்டால் அருந்ததியை ஆர் கட்டுவான்?" அருந்ததி பரமலிங்கத்தின் தங்கச்சி. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரமலிங்கம் சோற்றைப் பிசைந்தபடி, "என்ரை இரத்தத்திலை அவைக்கு என்ன வேலை?" என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது.

அதே மாதம் அவருடைய தோட்டத்தில் நாலு வாழை அழுகிச் சரிந்தது. அடுத்த நாளே பரமலிங்கம் ஒரு பையில் மண்ணும், ஒரு பையில் வாழைக்கிழங்கும், கக்கத்தில் இலையுமாக பஸ் ஏறி, விவசாயக் கந்தோரில் அரை நாள் குந்தியிருந்து எல்லாவற்றையும் சோதிக்கக் கொடுத்தார். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் விளக்கமாகச் சொன்னார். மண்ணில் குறை இருக்கலாம், கிழங்கில் இருக்கலாம், பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று கேட்டார். படித்த மனுசன் மாதிரிக் கதைக்கிறார் என்று கொண்டக்டர் மெச்சினார்.

1968இல் நாலாவதும் போயிற்று. இப்போது முற்றத்துக்கு வெயில் வர மத்தியானம் ஆனது. கோழிகள் நேரம் தெரியாமல் பதினொரு மணிக்குக் கூவின. அருந்ததியைப் பெண் பார்க்க உடுப்பிட்டியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய் படலையடியில் நின்று வேலியை அண்ணாந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார், கழுத்துப் பிடித்துக்கொண்டது. உள்ளே வந்து பலகாரமெல்லாம் சாப்பிட்டு, கழுத்தைத் தடவியபடி, பிறகு சொல்லி விடுகிறோம் என்று போனார். அதற்கு முன் வந்தவர்களும் பிறகு சொல்வதாகத்தான் போயிருந்தார்கள்.

அருந்ததி பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் அண்ணன் மனைவியிடம் சொன்னாள். "மச்சாள், என்னைச் சாட்டி நீங்கள் நிக்கவேண்டாம். வந்த சம்பந்தம் எல்லாம் வேலியைப் பாத்துத்தான் போகுது. நீங்கள் டொக்டர் அம்மாட்டைப் போய்க் காட்டுங்கோ."

நாகேஸ்வரிக்குக் கோபம் வந்தது. அழுகை அவளுக்குப் பழகியிருந்தது. கோபம் புதிதாக வந்ததால் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நேரே புருஷனிடம் கொண்டுபோனாள். "இஞ்சாருங்கோ, நாலு வாழை சரிஞ்சதுக்கு மண்ணை அள்ளிக்கொண்டு ஓடினியள். எனக்கு நாலு பிள்ளை போச்சு. நான் என்ன, வாழையிலும் கேடே?"

பரமலிங்கம் இரண்டு நாள் வாழைத்தோட்டத்திலேயே திரிந்தார். மூன்றாம் நாள் சரி என்றார். மனைவி சொன்னது மனதில் தைத்ததா, வேலி நிழலில் வாழைகள் வெயிலின்றிச் சோர்ந்தது கண்ணில் பட்டதா என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. பட்டினத்துக்குப் போன அன்று அவர் மழை வெயில் எதுவும் இல்லாமல் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு அடுத்த தரிப்பில் பஸ் ஏறினார். கேட்டவர்களுக்கு உதிலை என்றார். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தார். நாகேஸ்வரி ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டி இரத்தம் கொடுத்தாள்.

முடிவு கேட்க மறுபடி போனார்கள். டொக்டர் அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இருவரிலும் ஒரு பிழையும் காணவில்லை, சிலருக்கு ஏன் இப்படி ஆகிறது என்று எங்களுக்கும் தெரியாது, அடுத்த முறை முதல் மாதமே வாருங்கள் என்றா. பரமலிங்கத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. குறை எதுவென்று சொன்னால்தானே உரம் போடலாம். நாகேஸ்வரி டொக்டருக்கு முன்னாலேயே கதிரையில் இருந்தபடி அழுதாள். பப்பாசிப்பழமும் இல்லை, வாளியும் இல்லை, வெள்ளிக்கிழமை விளக்கும் இல்லை. ஆறு வருடமாகச் சுமந்ததை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு எழும்பினாள்.

பஸ்ஸால் இறங்கி வந்தபோது பத்மாசினி மிளகாய் கிளறிக்கொண்டிருந்தார். "எங்கை போட்டு வாறியள்?" என்றார். பரமலிங்கத்தின் வாய் பழக்கத்தில் "உதிலை" என்றது. நாகேஸ்வரி நின்றாள்.

"பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு அக்கா. எனக்கு நாலு பிள்ளை வயித்திலை தங்கேல்லை. ஏன் எண்டு பாக்க ரெண்டுபேரும் இரத்தம் குடுத்தனாங்கள். ஒருத்தரிலும் பிழை இல்லையாம்."

ஒழுங்கையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. ஆறு வருடமாக எல்லாம் தெரிந்திருந்த பத்மாசினிக்கு, இப்போதுதான் கேள்விப்படுகிற முகத்தைத் தேடி எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் படலை திறந்தது. வேலிக்குப் பின்னால் நின்று கேட்ட சின்னத்தங்கம் வெளியே வந்தார்.

"எனக்கு ரெண்டு" என்றார். "பரமலிங்கத்துக்கு முன்னம். வளர்ந்த வேலியை நானேதான் வெட்டினனான்."

நாகேஸ்வரி மாமியைப் பார்த்தாள். "ஏன் மாமி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"என்னட்டை ஆர் கேட்டது?" என்றார் சின்னத்தங்கம். பத்மாசினி மிளகாயைக் கிளறியபடி, நிமிராமல், தனக்கு மூன்று என்றார். அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுக் கொக்கைத்தடிக் கத்தியும் ஏன் அப்படித் தேய்ந்திருந்தது என்பது அன்றைக்கு விளங்கியது.

1971இல் ஐந்தாவதும் தங்கவில்லை. முதல் மாதமே போய்க் காட்டியும் தங்கவில்லை. பரமலிங்கம் முற்றத்தில் இருந்து வாய்விட்டு அழுதார். முதல் நாலுக்கும் சேர்த்து அழ வேண்டியிருந்ததால் நெடுநேரம் பிடித்தது. எட்டு வீட்டிலிருந்து பிள்ளைப்பெத்தவளுக்குக் கொடுக்கிற சரக்குக்கறி சட்டி சட்டியாக வந்தது. பத்மாசினியின் சட்டியில் உறைப்பு கூடிவிட்டது. அவர் அதற்காக இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். காலையில் சின்னத்தங்கம் கொக்கைத்தடியுடன் வேலியடியில் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, திரும்பி வந்து முருங்கைக்காய் பறித்தார். வேலி ஒரு விரற்கடைகூட வளர்ந்திருக்கவில்லை.

வளர்ந்தது இறங்கவும் இல்லை. அது மின்சாரக் கம்பியில் முட்டுகிறது என்று பார்க்க வந்த வேலையாள் ஏணியில் நின்றபடி அருந்ததியைக் கண்டு, அடுத்த ஆவணியில் கட்டிக்கொண்டு போனார். உயரம் அவருக்குப் பெரிய விஷயமில்லை. பஸ்காரர் அந்தத் தரிப்புக்கு உயரவேலியடி என்று பெயர் வைத்தார்கள், இன்னும் அந்தப் பெயர்தான். ஆறாவது என்ன ஆயிற்று என்று அறிய விரும்புகிறவர்கள் அங்கே இறங்கலாம். நாகேஸ்வரி படலையடியில் நிற்பாள். கேட்டால் சொல்லுவாள்.