ஐந்து வரை எண்ணு

என் நோய் வாய். எதிரில் இருப்பவர் ஒரு நொடி யோசித்தால் போதும், பதிலை நானே அவர் வாயில் ஊட்டிவிடுவேன். வீட்டில் இதைக் கலகலப்பு என்பார்கள். என் வேலையில் இதற்கு மன்னிப்பே கிடையாது. எட்டுப் பேரை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒரு பொருளைப் பற்றி அவர்களைப் பேசவிட்டுக் கேட்பதுதான் அந்த வேலை.

காலையிலேயே மேலாளர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "கேள்வி கேளு. அப்புறம் மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணு. இன்னைக்கும் நீயே பேசினேன்னா, நாளைக்கு உனக்கு இந்த வேலை இல்ல."

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அவரும் பொருளைத் தயாரித்த கம்பெனிக்காரரும் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களின் போன்களை வாசலிலேயே கூடையில் வாங்கி வைத்தாயிற்று. மேசையில் மாத்திரை பாட்டில். அழுத்தித் திருகினால்தான் அதன் புது மூடி கழலும், குழந்தைகளால் முடியாது. எட்டுப் பேரும் இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள்.

ஏழு பேர் புகழ்ந்து தள்ளினார்கள். ஒரு டீச்சர், விட்டால் விளம்பரத்திலேயே நடித்துவிடுவார். எட்டாமவர் தையல்காரி. மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"உங்க வீட்டுல எப்படி?" என்றேன்.

ஒன்று. இரண்டு. 'வசதியாதானே இருக்கு?' என்பது நுனிநாக்கில் நின்றது. என் காதில் மாட்டியிருந்த கருவியில் மேலாளர், "கம்பெனிக்காரர் அவசரப்படறார், அடுத்த கேள்விக்குப் போ" என்றார். எண்ணச் சொன்னதும் இவர், ஓடச் சொல்வதும் இவர்! நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்று. நான்கு. ஐந்து.

"மாமனாருக்கு விரல் மடங்காது," என்றார் தையல்காரி. "அவரால திறக்க முடியல. அதனால மூடியைக் கழட்டி மேசை மேல வச்சிட்டு வந்துடுவேன்."

"அப்புறம்?"

"பொண்ணு ஸ்கூலுக்குப் போயிடுவா. பயமில்ல. இன்னைக்கு லீவு..." சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது. "ஐயோ, இன்னைக்கும் திறந்துதான் இருக்கு."

கூட்டத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பது விதி. வேலை போனால் போகட்டும் என்று ஓடிப்போய்க் கூடையைத் தூக்கி வந்து மேசையில் கொட்டினேன்.

தையல்காரி தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எட்டாவது மணியில் ஒரு சின்னக் குரல் கேட்டது: "அம்மா, தாத்தா தூங்கறாரு."

"நீ மாத்திரையைத் தொடலதானே? சொல்லுடி, தொடலதானே?"

"தொடலம்மா."

தையல்காரி பெருமூச்சு விட்டார். எனக்கு மட்டும் ஆறவில்லை. அப்படிக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? தினமும் நான் கேட்கிற கேள்வி அது. போனை வாங்கிக்கொண்டேன்.

"கண்ணு, நான் அம்மாவோட பிரெண்டு. என்ன விளையாடிட்டு இருந்தே?"

ஒன்று. இரண்டு. தையல்காரி என் கையைப் பிடித்து இழுத்தார். மூன்று. வாசலில் மேலாளர் வந்து நின்றார். நான்கு. ஐந்து.

"டாக்டர் விளையாட்டு. பொம்மைக்கு மாத்திரை குடுத்தாச்சு," என்றாள் குழந்தை. "அடுத்தது எனக்கு. கையில வச்சிருக்கேன்."