எட்டு மணிக்கு மேல்

தொழிற்சாலையில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. எட்டுமணி என்றால்தான் தெரியும். காலுறை செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவர் டைம் கீப்பர். எட்டுக்குச் சங்கு ஊதுவார், ஊதின கையோடு கேட்டைச் சாத்துவார். அதற்குப் பிறகு வந்தவர்கள் அரைநாள் வெளியேதான். பஸ் பழுது, பிள்ளைக்குக் காய்ச்சல், கொட்டுகிற மழை, எதுவும் அவர் காதில் ஏறாது. பிந்தி வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் வைத்திருந்த பெயர் ஒன்றுதான்: சோம்பேறி. ஆண், பெண், கிழவர் என்று பாகுபாடு பார்த்ததில்லை. அந்த விஷயத்தில் மனிதர் நியாயஸ்தர்.

வீட்டிலும் அதே சட்டம். கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தார், எல்லோரும் பதறி ஓடட்டும் என்று. யாரும் பதறவில்லை. பத்தைக் கழித்துப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். எட்டுக்கு மேல் சாப்பாடு இல்லை என்று, வேலைக்குக் கிளம்பும்போதே அடுப்படியைப் பூட்டிவிடுவார். பிறகு மத்தியானம் அவர் சாப்பிட வரும்வரை யாருக்கும் தட்டு கிடையாது.

இந்தச் சட்டத்தில் வசமாக மாட்டியவன் மகன். வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் அவன் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. பிறகு ஒருநாள் காலை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் இல்லை. அப்படியே எட்டு மாதம்.

"காய்ச்சலா? தலைவலியா?" என்று அவர் கதவருகே நின்று கேட்பார்.

"இல்லப்பா."

"கைகால் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் என்னதான்டா உனக்கு?"

"தெரியலப்பா. எழுந்திருக்கணும்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறதுக்கெல்லாம் எவனும் சோறு போட மாட்டான். தண்டச்சோறு!"

மனைவி மட்டும் தினமும் ஒரு தட்டை மூடி, தையல் மிஷின் பெட்டிக்குள் மறைத்து வைப்பாள். அவருக்குத் தெரியாது என்பது அவள் நினைப்பு.

போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. "பையன் என்ன பண்றான்?" உறவுக்காரர்கள் நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைத்தான் விசாரித்தார்கள். அவர் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார். மகன்மேல் அவருக்குக் கோபம் என்று ஊர் நினைத்தது. கோபம் பாதிதான். மீதி வெட்கம்.

முப்பத்தொரு வருடம் முடிந்து ஓய்வு கொடுத்தார்கள். கூடவே ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு. கிண்டலா, மரியாதையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. வீட்டில் இருந்த முதல் நாளே மகனைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு ஒண்ணாம் தேதி. முப்பதுக்குள்ள ஒரு வேலையில சேரு. இல்லன்னா முப்பதாம் தேதி காலைல எட்டு மணிக்கு இந்த வாசலத் தாண்டிடு. இந்த வீட்ல சோம்பேறிக்கு இடமில்ல."

மனைவி அழுதாள். மகன் சரியென்று தலையாட்டினான். சண்டை போட்டிருந்தால் அவருக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

முதல் வாரம் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. கதவுகளுக்கு எண்ணெய் போட்டார். ஆணிகளை அளவு பார்த்துத் தனித்தனி டப்பாவில் பிரித்தார். இரண்டாம் வாரம் பிரிக்க ஆணி இல்லை. ஒருநாள் காலை, கால் தன்னால் தொழிற்சாலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. எதிர்க்கடை ஓரமாக நின்று பார்த்தார். சங்கு ஊதியது. புது டைம் கீப்பர் கேட்டைச் சாத்தவில்லை. பத்து நிமிடம் திறந்தே வைத்திருந்தான். பிந்தி ஓடிவந்த ஒரு பெண் மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவளை அவருக்குத் தெரியும். கைக்குழந்தைக்காரியாக இருந்தபோது இதே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரிடம் கெஞ்சியவள். உள்ளே இயந்திரங்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அப்படியானால் இத்தனை வருடம் நான் செய்தது என்ன? இந்தக் கேள்வியோடு வீடு திரும்பினார்.

அதற்குப் பிறகு படுக்கை கொஞ்சம் கொஞ்சமாக அவரைப் பிடித்துக்கொண்டது. ஆறு மணி ஏழானது, ஏழு ஏழரையானது. முப்பதாம் தேதி ஐந்துக்கே விழிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு எட்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டியவர் அவர். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. காலைக் கீழே வைக்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே கிடந்தார்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"டாக்டர்கிட்டப் போலாமா?"

"ஒண்ணுமில்லங்கிறேன்ல."

தூரத்தில் சங்கு ஊதியது. எட்டு. பக்கத்து அறையில் பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? அவனிடம் எட்டு மாதம் கேட்ட கேள்விக்கு இப்போது அவரிடமே பதில் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கண் கலங்கி வழிந்தது.

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. தோளில் பையோடு மகன் நின்றான். கையில் ஒரு தட்டு. பையைத் தரையில் இறக்கிவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தான். என்ன ஆச்சு என்று அவன் கேட்கவில்லை.

"சாப்பிடுங்கப்பா."

"மணி என்னடா?"

மகன் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். கடிகாரம் ஒன்பது நாற்பது காட்டியது. படுத்த இடத்திலிருந்து அவருக்கும் அது தெரிந்தது.

"நம்ம கடிகாரம்தான் முன்னாடி ஓடுமேப்பா," என்றான் மகன். "இன்னும் எட்டாகல."

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கீழே கிடந்த பையை ஒரு முறை பார்த்தார்.

"நீ சாப்பிட்டியா?"

"இல்லப்பா."

"போய் உன் தட்டையும் எடுத்துட்டு வா," என்றார். "தையல் மிஷினுக்குள்ளதான் வச்சிருப்பா."